முறை வைத்துக் கொடுத்தவர்

(மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறிப் பொறியியல் துறை)



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தா என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, ராமானுஜன், சர் சி.வி. ராமன், அப்துல் கலாம் என்று எல்லாப் பெயர்களையும் மற்றவர்கள் முன்பதிவு செய்துவிட்டிருந்தார்கள். மிச்சம் யார் இருக்கிறார்கள் என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்ற எனக்கு, நம்ம லேபில் நடந்த ஒரு சம்பவம்தான் வழிகாட்டியது.

மாதிரிச் செய்முறைத் தேர்வு நாள் அது. லேப் சர்வர் ஒன்றுதான். அதில் உள்ள பிராசஸர் கோர்கள் நான்கு. அதன் மேல் பத்து மெய்நிகர் கணிப்பொறிகள், அதாவது விர்ச்சுவல் மெஷின்கள், ஓடிக்கொண்டிருந்தன. தேர்வு தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, எல்லோருடைய திரையும் உறைந்துவிட்டது. ஓர் எழுத்தை அடித்தால் அது திரையில் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்! மெமரி பத்தவில்லை என்றான் ஒருவன். புது சர்வர் வாங்கினால்தான் விடிவு என்றான் இன்னொருவன். மார்க் போச்சே என்று கண்கலங்கியவர்களும் உண்டு.

சார் வந்தார். ஒரு மெஷினில் டாப் கட்டளையை அடித்து, எஸ்.டி. என்று போட்டிருந்த இடத்தில் ஓர் எண்ணைக் காட்டினார். நமக்கு வரவேண்டிய பிராசஸர் நேரம் நமக்கு வராமல் வேறெங்கோ போய்விட்ட அளவு அது. அதன் பெயரே ஸ்டீல் டைம், அதாவது திருட்டு நேரம்! விசாரித்துப் பார்த்தால், முந்தைய செட் அண்ணன்கள் தங்கள் புராஜெக்டுக்காக ஒரே ஒரு மெஷினுக்கு மட்டும் முன்னுரிமை எண்ணைத் தாராளமாக ஏற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த மெஷினில் அன்று கோப்புகளைச் சுருக்கும் வேலை நான்கு கோர்களையும் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. சார் அந்த எண்ணை மற்றவர்களுக்குச் சமமாக இறக்கினார். அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் எல்லாத் திரைகளும் உயிர்பெற்றன. ஒரு ரூபாய்க்குக்கூடப் புதிதாக எதுவும் வாங்கவில்லை. மாற்றியது ஓர் எண்ணை மட்டுமே!

ஒரே பிராசஸரைப் பல பேருக்கு முறை வைத்துக் கொடுக்கும் இந்த யோசனை முதலில் யாருக்குத் தோன்றியது என்று கேட்டேன். அந்த யோசனைக்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் என்று சார் சொன்ன பெயர்தான் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி. கணிப்பொறி உலகில் புகழ்பெற்ற பெயர். நமக்குத்தான் அறிமுகம் இல்லை. தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இது டிப்ளமோ படிக்கும் நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை என்று பட்டது.

பஞ்சத்தைப் பார்த்த தாத்தா

கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி 1916 நவம்பர் 16 அன்று லண்டனில் பிறந்தார். ஆங்கிலேயர்தான். ஆனாலும் அந்தக் குடும்பத்துக்கும் நம் நாட்டுக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. அவருடைய தாத்தா சர் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி, பிரிட்டிஷ் இந்தியாவில் பொதுப்பணி, பாசனம், ரயில்வே என்று பல துறைகளில் பெரிய அதிகாரியாக இருந்தவர். நம் பாட்டன்மார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்களே, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அந்தக் கொடிய பஞ்சம், அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட பஞ்சக் கமிஷனின் தலைவர் இவரே. அப்பா ஆலிவர் ஸ்ட்ரேச்சி, கிழக்கிந்திய ரயில்வேயில் வேலை பார்த்துவிட்டு, பின்னாளில் இரண்டு உலகப் போர்களிலும் எதிரிகளின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் பணியில் இருந்தவர். அம்மா ரே ஸ்ட்ரேச்சி, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர், கணிதம் படித்தவர். பெரியப்பா, சித்தப்பா வரிசையில் லிட்டன் ஸ்ட்ரேச்சி என்ற புகழ்பெற்ற எழுத்தாளரும் உண்டு.

இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த பிள்ளை படிப்பில் பிய்த்து உதறியிருப்பான் என்றுதானே நினைப்போம்? அங்கேதான் கதை திரும்புகிறது.

இரண்டாம் வகுப்பு

கிரெஷாம் பள்ளியில் படித்துவிட்டு, 1935ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். முதலில் கணிதம், பிறகு இயற்பியல். மூன்றாம் ஆண்டில் மனம் உடைந்து நோயுற்றார். படிப்பு தடைப்பட்டது. திரும்பி வந்து எழுதி முடித்தபோது கிடைத்தது இரண்டாம் வகுப்பு, அதிலும் கீழ்ப் பிரிவு. ஆராய்ச்சி மாணவனாகச் சேரும் கனவு அத்தோடு போயிற்று. கடைசிவரை அவர் டாக்டர் பட்டம் வாங்கவே இல்லை.

தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் இயற்பியலாளராக வேலைக்குப் போனார். போர்க்காலம் அது. ரேடாருக்கான வால்வுகளை வடிவமைக்கும் வேலை. அந்தக் கணக்குகளைப் போட டிஃபரன்ஷியல் அனலைசர் என்ற எந்திரத்தைப் பயன்படுத்தினார். கணக்குப் போடும் எந்திரங்களின் மீது காதல் பிறந்தது அங்கேதான்.

போர் முடிந்ததும் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். முதலில் கேன்டர்பரியில் ஒரு பள்ளி. 1949 முதல் ஹாரோ பள்ளி. நம் காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் கொடுத்த இடத்தில், மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948ல் நேரு அடிக்கல் நாட்டினாரே, அந்தக் காலத்தில் ஸ்ட்ரேச்சி சாக்பீஸும் கையுமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கூடப் படித்தவர்கள் எங்கெங்கோ உயரப் போய்விட்டார்கள். இவருடைய முறை இன்னும் வரவில்லை.

ஒரே இரவில்

1951 ஜனவரியில் ஒரு நண்பர் மூலம் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்குப் போய், பைலட் ஏஸ் என்ற கணிப்பொறியைப் பற்றித் தெரிந்துகொண்டார். ஊருக்குத் திரும்பியதும், பள்ளி வேலை போக மிஞ்சிய நேரத்தில், டிராஃப்ட்ஸ் என்ற கட்ட ஆட்டத்தை எந்திரம் ஆடும்படி ஒரு நிரல் எழுதத் தொடங்கினார். அந்த எந்திரத்தின் நினைவகம் அதற்குப் போதவில்லை. மான்செஸ்டரில் இதைவிடப் பெரிய நினைவகம் உள்ள கணிப்பொறி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டார். அங்கே இருந்தவர் ஆலன் டூரிங். கிங்ஸ் கல்லூரி நாட்களிலேயே தெரிந்தவர். அவர் எழுதிய கையேட்டை வாங்கிப் படித்தார்.

டூரிங் இவருக்கு ஒரு யோசனை சொன்னார். ஒரு கணிப்பொறி தன்னைத்தானே பாவனை செய்யும்படி ஒரு நிரல் எழுதிப் பார்க்கலாமே என்பது அந்த யோசனை. அதாவது, கணிப்பொறிக்குள் இன்னொரு கணிப்பொறி இருப்பதுபோல! நிரல்களில் பிழை தேட அது உதவும். இன்று நாம் விர்ச்சுவல் மெஷின் என்று சொல்வதற்குத் தூரத்துச் சொந்தம் என்றே இதைச் சொல்லலாம்.

ஸ்ட்ரேச்சி ஊருக்குப் போய் எழுதினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டளைகள். அந்த எந்திரத்துக்கு அதுவரை யாரும் அவ்வளவு நீளமாக எழுதியதில்லை. யாரோ ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுதியது ஓடவா போகிறது என்றுதான் அங்கிருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். மான்செஸ்டருக்கு வந்தார், இரவு முழுக்க எந்திரத்தோடு உட்கார்ந்தார், விடிவதற்குள் ஓட வைத்துவிட்டார். நிரல் முடிந்ததும் எந்திரத்தின் ஹூட்டர் இங்கிலாந்தின் தேசிய கீதத்தை இசைத்தது!

அந்த ஓர் இரவு அவர் வாழ்க்கையையே மாற்றியது. 1952 ஜூனில் தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகத்தில் வேலை கிடைத்தது. அப்போது வயது 35. டிராஃப்ட்ஸ் நிரலும் அதே ஆண்டு முழு ஆட்டம் ஆடியது. விளையாட்டாக, காதல் கடிதம் எழுதும் நிரல் ஒன்றையும் அந்த எந்திரத்துக்கு எழுதிக் கொடுத்தார். (நம் ஹாஸ்டல் நண்பர்கள் கவனிக்க!) கனடாவில் செயின்ட் லாரன்ஸ் நதியில் கப்பல் வழி அமைப்பதற்கான நீர்மட்டக் கணக்குகளை டொரண்டோவில் இருந்த கணிப்பொறியில் போட்டுக் கொடுத்தார். ஃபெரான்டி கம்பெனியின் பெகாசஸ் கணிப்பொறிக்குக் கட்டளைத் தொகுதியை வடிவமைத்தார்.

பாரிஸ், 1959

அந்தக் காலத்தில் கணிப்பொறி என்றால் ஓர் ஊருக்கு ஒன்று இருந்தாலே பெரிது. ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் ஓடும். நிரல் எழுதியவர் உள்ளே உட்கார்ந்து பிழை தேடிக்கொண்டிருந்தால், அவர் யோசிக்கும் நேரமெல்லாம் அவ்வளவு விலை உயர்ந்த எந்திரம் சும்மா நிற்கும். இது கட்டுப்படியாகாது என்று வேலைகளைக் கட்டாகச் சேர்த்து ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டத் தொடங்கினார்கள். எந்திரம் சும்மா நிற்பது குறைந்தது. ஆனால் நிரல் எழுதியவர் ஒரு சின்னக் கமா பிழையைக் கண்டுபிடிக்க மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எந்திரம் காத்திருக்கக் கூடாது என்றால் மனிதன் காத்திருக்கிறான். மனிதன் காத்திருக்கக் கூடாது என்றால் எந்திரம் காத்திருக்கிறது. இந்தச் சிக்கலுக்குத்தான் ஸ்ட்ரேச்சி வழி சொன்னார். 1959 பிப்ரவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அந்த ஆண்டு ஜூனில் பாரிஸில் யுனெஸ்கோ நடத்திய தகவல் செயலாக்க மாநாட்டில் கட்டுரை வாசித்தார். தலைப்பு, பெரிய வேகமான கணிப்பொறிகளில் நேரப் பகிர்வு பற்றியது.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். நீண்ட கணக்கு ஒன்று பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கட்டும். அட்டை படிக்கும் கருவி, அச்சடிக்கும் கருவி போன்றவை கூப்பிட்டால் உடனே கவனித்துவிட்டுத் திரும்பட்டும். முன்னால் உட்கார்ந்து ஒருவர் பிழை தேடட்டும். அவர் விசையைத் தட்டும்போது எந்திரம் அவருக்கு. அவர் தலையைச் சொறியும்போது எந்திரம் பின்னணிக் கணக்குக்கு. ஒருவர் இன்னொருவருடைய நினைவகத்தில் கைவைக்காதபடி பாதுகாப்பு வேண்டும். இதையெல்லாம் மேற்பார்வை பார்க்க ஒரு தலைமை நிரல் வேண்டும்.

நம்ம மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. கண்மாயில் தண்ணீர் குறைவு, வயல் அதிகம் என்றால் என்ன செய்வார்கள்? நீர்பாய்ச்சி முறை வைத்து மடையைத் திறந்து விடுவார். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம், யாருக்கு அடுத்து யார் என்பது அவர் கணக்கு. ஸ்ட்ரேச்சி கேட்ட தலைமை நிரல் அந்த நீர்பாய்ச்சிதான்! பஞ்சத்தை ஆராய்ந்தவரின் பேரன், நேரப் பஞ்சத்துக்கு முறை வைத்தார்.

ஒருவர் மட்டுமல்ல, பல பேர் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு முனையத்தில் உட்கார்ந்து பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்காவில் ஜான் மெக்கார்த்தி வலியுறுத்தினார். 1961 நவம்பரில் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் அப்படி ஒன்றை ஓட்டியே காட்டினார்கள்.

ஒரே கூரை, பல அடுப்பு

அடுத்த கட்டம் இன்னும் சுவையானது. நேரத்தைப் பகிரும்போது, ஒவ்வொருவருக்கும் ஒரு முழு எந்திரமே தன்னுடையது என்ற நினைப்பைக் கொடுத்தால் என்ன? ஐ.பி.எம். கம்பெனியின் ஆய்வகம் ஒன்று 1960களில் இதைச் செய்துகாட்டியது. 1972ல் வி.எம். 370 என்ற பெயரில் இது சந்தைக்கே வந்தது.

நம் செட்டிநாட்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைத்துவிடுவார்கள். ஒரே கூரைதான், ஒரே வளவுதான். ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. இன்னொருவர் பண்டத்தில் யாரும் கைவைப்பதில்லை. ஆனாலும் கிணறு பொது! விர்ச்சுவல் மெஷின் என்பது இதேதான். அறைகள் மெஷின்கள், பொதுக் கிணறு பிராசஸர், வாளியை யார் எப்போது இறக்குவது என்று சொல்லும் வீட்டுப் பெரிய ஆச்சிதான் ஹைப்பர்வைசர்.

ஸ்ட்ரேச்சி 1962ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித ஆய்வகத்தில் சேர்ந்தார். அந்த ஆய்வகத்தின் வாரிசான கணிப்பொறி ஆய்வகத்திலிருந்துதான் 2003ல் ஜென் என்ற ஹைப்பர்வைசர் வெளிவந்தது. லினக்ஸில் 2007ல் கே.வி.எம். சேர்ந்தது. விதை விழுந்த மண்ணிலேயே மரம் வளர்ந்திருக்கிறது பாருங்கள்!

எந்த முறை நல்ல முறை?

சரி, முறை வைப்பது என்று முடிவாயிற்று. எப்படி வைப்பது? செமஸ்டர் தேர்வில் பதினைந்து மார்க்குக்கு எழுதும் பாடம்தான். ஆனால் சர்வரைக் கையில் கொடுத்துத் தேர்ந்தெடு என்றால் பலர் விழிப்போம். ஸ்ட்ரேச்சி கேட்ட அதே கேள்வியை நாமும் கேட்டால் குழப்பம் தீரும். இங்கே யார் காத்திருக்கிறார்கள்? காத்திருப்பதால் அவர்களுக்கு என்ன நட்டம்?

முதலில் வந்தவருக்கு முதலில் என்று வைத்தால் பார்ப்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். பத்து நிமிட வேலை ஒன்று முதலில் வந்து நிற்கிறது. பின்னால் ஒரு நிமிட வேலைகள் மூன்று. முடியும் நேரம் 10, 11, 12, 13. சராசரி 11.5 நிமிடம். சின்ன வேலைகளை முன்னால் விட்டால் 1, 2, 3, 13. சராசரி 4.75 நிமிடம்தான். எந்திரம் உழைத்தது இரண்டு வகையிலும் 13 நிமிடமே! ஆனால் சின்ன வேலைகள் வந்துகொண்டே இருந்தால் அந்தப் பெரிய வேலைக்கு முறையே வராது. இதற்குப் பாடப்புத்தகத்தில் ஸ்டார்வேஷன் என்று பெயர். பட்டினி! காத்திருக்கும் வேலைக்கு நேரம் ஆக ஆக முன்னுரிமையை ஏற்றிக்கொண்டே போவதுதான் இதற்கு மருந்து. அதற்கு ஏஜிங் என்று பெயர்.

ஆளுக்குக் கொஞ்சம் என்று சுற்றி வரும் ரவுண்ட் ராபினில் பட்டினி இல்லை. ஜென்னில் நெடுங்காலம் இருந்த கிரெடிட் முறையில் ஒரு சுற்றுக்கு 30 மில்லி நொடி. ஒரு கோரில் பத்து மெஷின்களும் மும்முரமாக ஓடினால், ஒருவருக்கு அடுத்த முறை வர 9 பெருக்கல் 30, அதாவது 270 மில்லி நொடி ஆகும். தட்டச்சு செய்பவருக்கு விசை ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும். சுற்றை 5 மில்லி நொடியாகக் குறைத்தால் காத்திருப்பு 45 மில்லி நொடிதான். ஆனால் அடிக்கடி ஆள் மாற்றுவதால், ஒவ்வொரு முறையும் கேஷ் நினைவகத்தை மறுபடி நிரப்ப வேண்டும். உருப்படியான வேலை குறையும். ஆகவே கணக்குப் போடும் சர்வருக்கு நீண்ட சுற்று, ஆட்கள் உட்கார்ந்து பயன்படுத்தும் சர்வருக்குக் குறுகிய சுற்று. உள்ளீட்டுக்காகத் தூங்கி எழுந்த மெஷினைச் சற்று முன்னால் நிறுத்தும் வசதியும் கிரெடிட் முறையில் உண்டு. ஸ்ட்ரேச்சி சொன்ன தலையைச் சொறியும் மனிதருக்கான சலுகை அது!

எல்லோரும் சமமாக இருக்க வேண்டியதில்லை என்றால் வெயிட் கொடுக்கலாம். கிரெடிட் முறையில் இயல்பான வெயிட் 256. ஒருவருக்கு 512 கொடுத்தால், போட்டி வரும்போது அவருக்கு இரண்டு பங்கு. போட்டி இல்லாதபோது யார் வேண்டுமானாலும் மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம். நம்ம லேபில் கெட்டுப்போனது இந்த எண்தான். கேப் என்பது வேறு. 50 என்று வைத்தால் அரை கோருக்கு மேல், சர்வர் காலியாகக் கிடந்தாலும், கிடைக்காது. காசு வாங்கிக்கொண்டு வாடகைக்கு விடும் இடத்தில் கேப் சரி. கொடுத்த காசுக்கு ஏற்ற அளவு. படிக்கும் பிள்ளைகளின் லேபில் கேப் வைத்தால் தண்ணீர் இருந்தும் மடையை அடைத்த கதை.

இத்தனை மில்லி நொடிக்குள் பதில் வந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் உள்ள ஆலை எந்திரம் போன்றவற்றுக்குப் பங்கு முறை போதாது. இவ்வளவு காலத்துக்குள் இவ்வளவு நேரம் நிச்சயம் என்று உறுதி தரும் நிகழ்நேர முறை வேண்டும். ஜென்னில் அதற்கும் தனி ஷெட்யூலர் உண்டு. மெஷின்கள் குறைவு, கோர்கள் தாராளம் என்றால் ஆளுக்கொரு கோரை நிரந்தரமாகக் கட்டிவிடலாம். முறையும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். ஆனால் ஒருவர் சும்மா இருந்தாலும் அவர் கோரை அடுத்தவர் தொட முடியாது.

ஒரு மெஷினுக்கு நான்கு மெய்நிகர் பிராசஸர் கொடுத்தால் இன்னொரு வம்பு வரும். ஒன்று பூட்டின் சாவியைக் கையில் வைத்திருக்கும்போதே அதன் முறை முடிந்துபோகும். மற்ற மூன்றும் முறை கிடைத்தும் சாவிக்காகச் சுற்றிச் சுற்றி நின்று நேரத்தை வீணாக்கும். பண்டக அறைச் சாவியோடு ஆச்சி ஊருக்குப் போய்விட்டால் சமையல் என்ன ஆகும்? அதனால்தான் வி.எம்.வேர், ஒரே மெஷினின் பிராசஸர்களைக் கூடியவரை சேர்த்தே ஓட்டும் கோ-ஷெட்யூலிங் முறையை வைத்தது. நமக்குப் பாடம் என்னவென்றால், தேவைக்கு மேல் பிராசஸர்களை அள்ளிக் கொடுக்காதே என்பது.

இந்தத் தேடல் இன்னும் முடியவில்லை. ஜென்னில் 2019 முதல் கிரெடிட் 2 இயல்பான முறை ஆயிற்று. கே.வி.எம்.மில் ஒவ்வொரு மெய்நிகர் பிராசஸரும் லினக்ஸுக்கு ஒரு சாதாரண இழை போலத்தான். லினக்ஸின் ஷெட்யூலரே அதற்கும் முறை வைக்கும். அந்த ஷெட்யூலரும் 2023ல் மாறியது. 2007 முதல் இருந்த சி.எஃப்.எஸ். போய், ஒவ்வொருவருக்கும் பாக்கி எவ்வளவு, கெடு எப்போது என்று இரண்டையும் பார்க்கும் ஈ.ஈ.வி.டி.எஃப். வந்தது. அதன் அடிப்படை 1995லேயே எழுதப்பட்ட ஆய்வு! 28 ஆண்டு காத்திருந்து அதன் முறை வந்திருக்கிறது.

நாம் எழுதும் சி மொழி

ஸ்ட்ரேச்சியின் கதைக்கு வருவோம். கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் இருந்த நண்பர்களோடு சேர்ந்து சி.பி.எல். என்ற நிரல் மொழியை உருவாக்கினார். அது மிகப் பெரிய திட்டம், முழுமையாக நிறைவேறவில்லை. ஆனால் அதைச் சுருக்கி மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967ல் பி.சி.பி.எல். செய்தார். அதிலிருந்து கென் தாம்சன் பி மொழி செய்தார். அதிலிருந்து 1972 வாக்கில் டென்னிஸ் ரிட்சி செய்ததுதான், நாம் முதலாண்டில் செமிகோலன் விட்டுவிட்டு அழுத சி மொழி! பாதியில் நின்ற வேலையின் பேரப்பிள்ளைதான் இன்று உலகத்தை ஆள்கிறது.

1965ல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அழைக்கப்பட்டு நிரலாக்க ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். ஒரு நிரலின் பொருள் என்ன என்பதைக் கணிதமாகவே எழுதிக் காட்டும் ஆராய்ச்சியை டானா ஸ்காட் என்பவரோடு சேர்ந்து செய்தார். ஜோ ஸ்டாய் என்பவரோடு ஓ.எஸ். 6 என்ற இயக்க முறைமையைச் செய்தார். அது ஒரே ஒருவர் பயன்படுத்துவதற்கானது. பகிர்ந்து கொடுக்கச் சொன்னவரே, சின்ன எந்திரத்துக்குப் பகிர்வு தேவையில்லை என்று கண்டபோது அதை விட்டுவிட்டார். தன் யோசனையாயிற்றே என்று எல்லா இடத்திலும் திணிக்கவில்லை. முறையைத் தேர்ந்தெடுப்பது பற்றி இதைவிட நல்ல பாடம் வேறென்ன வேண்டும்?

1971ல் ஆக்ஸ்ஃபோர்டு அவரைப் பேராசிரியர் ஆக்கியது. இரண்டாம் வகுப்பில் தேறியவர், டாக்டர் பட்டம் இல்லாதவர், பேராசிரியர்! அந்தப் பதவியில் நெடுநாள் இருக்கக் கொடுத்துவைக்கவில்லை. மஞ்சள் காமாலை கண்டு 1975 மே 18 அன்று, 58 வயதில் மறைந்தார். ராபர்ட் மில்ன் என்பவரோடு சேர்ந்து எழுதிக்கொண்டிருந்த பெரிய நூல் அவர் மறைவுக்கு மறு ஆண்டு வெளிவந்தது. அவர் எழுதி வெளியிட்ட கட்டுரைகள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றிலிருந்து கிளைத்தவையோ எண்ணிலடங்கா.

நண்பர்களே!

டிப்ளமோதானே என்று நம்மைப் பார்த்துச் சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். இன்டர்வியூவில் பி.இ. காரர்களை முதலில் கூப்பிட்டுவிட்டு நம்மைக் கடைசி பெஞ்சில் உட்கார வைப்பார்கள். அரியர் விழுந்த நண்பன் ஒருவன், இனி நமக்கு முறை வராதுடா என்று சொல்லி ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு போனதை நாம் பார்த்தோம். அவனுக்கு இந்த மலரை எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ஸ்ட்ரேச்சிக்கு முறை வந்தபோது வயது 35. அதுவரை அவர் சும்மா இருக்கவில்லை. வால்வைப் படித்தார், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார், ராத்திரியில் நிரல் எழுதினார். எந்திரம் கிடைத்த அந்த ஓர் இரவில் அவர் கையில் ஆயிரம் கட்டளைகள் தயாராக இருந்தன. நமக்கும் அந்த இரவு வரும். அன்று நம் கையில் நிரல் இருக்கட்டும்.

நாளை நம்மில் பலர் ஏதோ ஒரு சர்வர் அறையில் உட்காரப் போகிறோம். எந்த மெஷினுக்கு எவ்வளவு என்று எண் போடும் அதிகாரம் நம் கைக்கு வரும். அப்போது, உரக்கக் கேட்பவருக்கும் முதலில் வந்தவருக்கும் மட்டும் மடையைத் திறந்துவிடாமல், கடைசி வயலில் நிற்பவரையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். அந்த எஸ்.டி. எண்ணுக்குப் பின்னால், தேர்வு எழுத முடியாமல் கண்கலங்கி ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கக்கூடும்.

வாழ்க கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சியின் புகழ்! வளர்க நம் மாணவர் ஒற்றுமை!